முதல்நிலை ஸ்கூபா சான்றிதழ்: புதுச்சேரியில் மூன்று நாளா, ஹேவ்லாக்கில் நான்கு நாளா?

கரையோரம் (சென்னை)

அனைவருக்கும் வணக்கம். சென்ற ஆண்டு பிப்ரவரியில் குடும்பத்தோடு அந்தமானின் ஹேவ்லாக் தீவுக்குச் சென்றிருந்தபோது, சான்றிதழ் தேவைப்படாத அறிமுக டைவ் ஒன்றைச் செய்தேன். பயிற்சியாளர் என் முதுகிலிருந்த சிலிண்டரின் கழுத்தைப் பிடித்தபடியே 8 மீட்டர் ஆழம்வரை அழைத்துச் சென்று, அரை மணி நேரத்தில் மேலே கொண்டுவந்து விட்டார். ஒரு பவளத்திட்டின் அருகே இன்னும் சற்று நேரம் நிற்க வேண்டும் என்று நினைத்தேன்; ஆனால் நிற்பதும் நகர்வதும் என் கையில் இல்லை. அன்றிலிருந்து முறையாகக் கற்றுக்கொண்டு, 'ஓப்பன் வாட்டர்' எனப்படும் முதல்நிலைச் சான்றிதழைப் பெற வேண்டும் என்ற எண்ணம் என்னை விடவில்லை.

என் வயது 34. நீச்சலை முப்பது வயதில்தான் கற்றேன். நிறுத்தாமல் 100 மீட்டர் மெதுவாக நீந்துவேன். இரு கண்களுக்கும் மைனஸ் 4 கண்ணாடி. புதுச்சேரியில் மூன்று நாள் வகுப்பு, ஹேவ்லாக்கில் நான்கு நாள் வகுப்பு என இரண்டு வாய்ப்புகளை விசாரித்து வைத்திருக்கிறேன். கட்டணத்தில் பெரிய வேறுபாடு இல்லை, விமானச் செலவுதான் கூடுதல்.

என்னை உண்மையில் தடுத்து நிறுத்துவது வேறொன்று. சென்ற மாதம் இங்கே ஒரு நீச்சல் குளத்தில் முன்னோட்டமாகப் பயிற்சி செய்தபோது, மாஸ்க்குக்குள் வேண்டுமென்றே தண்ணீரை விட்டு, அதை மூக்கால் ஊதி வெளியேற்றச் சொன்னார்கள். மூன்று முறை முயன்று, மூன்று முறையும் பதறி எழுந்து நின்றுவிட்டேன். இடுப்பளவுத் தண்ணீரில் முடியாத ஒருத்திக்குக் கடலில் முடியுமா? அனுபவம் உள்ளவர்கள் ஒளிக்காமல் சொல்ல வேண்டுகிறேன்.

---

வில்லியனூர்வாசி (புதுச்சேரி)

வணக்கம். நான் புதுச்சேரியில்தான் கற்றேன், ஆகவே எங்கள் கடலைப் பற்றி மட்டும் சொல்கிறேன். இங்கே கரையிலிருந்து நடந்து இறங்கி டைவ் செய்வதற்கான இடம் இல்லை. படகில் ஏறிப் பல கிலோமீட்டர் உள்ளே செல்ல வேண்டும். வங்காள விரிகுடாவின் புரளும் அலையில் அந்தப் படகு ஆடும் ஆட்டம் பலருக்கு வயிற்றைப் புரட்டும். வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் கடல் கலங்கி, நவம்பர், டிசம்பர் மாதங்களில் பெரும்பாலும் நாள்கள் வீணாகும். பிப்ரவரியிலிருந்து மே வரையும், மழைக்கு முந்தைய சில மாதங்களும் நல்லவை. தண்ணீர் தெளிவாக உள்ள நாளில் 15 மீட்டர் தொலைவுக்கும் பார்க்கலாம், கலங்கிய நாளில் நீட்டிய கையே மங்கலாகத் தெரியும்.

இவ்வளவும் சொன்ன பிறகும், சென்னையிலிருந்து மூன்று மணி நேரத்தில் வந்துவிடலாம் என்பது சிறிய வசதி அல்ல. மூன்று நாள் போதுமானது. என்னோடு கற்ற நால்வரும் மூன்று நாளில் முடித்தோம். இங்கே கற்றவர்களுக்கு வேறெந்தக் கடலும் எளிதாகத் தெரியும் என்பது என் அனுபவம்.

---

கோணேசர்பூமி (திருகோணமலை)

வணக்கம் சகோதரி. நான் நிலாவெளியில் பதினொரு வருடமாகச் சுழியோடப் பழக்கி வருகிறேன். இடத்தையும் நாள்கணக்கையும் பிறகு பார்ப்போம். முதலில் நீங்கள் பெறப்போகும் அட்டை என்ன சொல்கிறது என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். முதல்நிலைச் சான்றிதழ் பெற்றவர், தம்மைப் போலவே சான்றிதழ் பெற்ற ஒரு துணையோடு, பயிற்சியாளர் இல்லாமலே 18 மீட்டர் ஆழம்வரை செல்லலாம் என்பதுதான் அதன் பொருள். உங்கள் சிலிண்டரின் கழுத்தை இனி ஒருவரும் பிடித்திருக்க மாட்டார்கள். நீங்கள் விரும்பியதும் அதுவே என்று உங்கள் கடிதத்திலிருந்து விளங்குகிறது. ஆகவே அந்தத் தண்ணீரும் மாஸ்க்கும் பற்றிய பயிற்சியைத் தாண்டிச் செல்ல வழி தேடாதீர்கள், அதற்குள்ளேயே நுழைந்து வெளியே வாருங்கள்.

நீச்சல் பற்றி அஞ்ச வேண்டாம். 200 மீட்டர் நிறுத்தாமல் நீந்த வேண்டும், ஆனால் நேர வரம்பு இல்லை, எந்த முறையில் நீந்தினாலும் ஏற்றுக்கொள்வார்கள். அதோடு எதையும் பிடிக்காமல் 10 நிமிடம் மிதக்க வேண்டும். இப்போது 100 மீட்டர் நீந்துகிற நீங்கள் வாரம் இரண்டு நாள் குளத்துக்குப் போனால் இரண்டு மாதத்தில் அந்தத் தூரத்தை எட்டிவிடுவீர்கள். "நீச்சல் தெரியாவிட்டாலும் சான்றிதழ் தருகிறோம்" என்று எவராவது சொன்னால் அவரிடம் போகாதீர்கள். அறிமுக டைவுக்குத்தான் நீச்சல் தேவையில்லை.

இனி மாஸ்க். நூற்றுக்கணக்கானவர்களுக்குப் பழக்கியதில் நான் கண்டது, தண்ணீரை வெளியேற்றத் தெரியாமல் எழுந்து நிற்பவர்கள் மிகவும் குறைவு. மூக்குத்துளையில் தண்ணீர் பட்டவுடன் உடம்பு தன்னை அறியாமலே மூக்கால் ஒரு சிறு மூச்சை உள்ளே இழுக்கிறது. அந்த ஒரு துளி தொண்டைக்குப் போனதும் இருமல், அதன் பிறகு பதற்றம். ஆகவே ஊதி வெளியேற்றப் பழகுவதற்கு முன், மூக்கு நனைந்திருக்கும்போதே வாயால் மட்டும் மூச்சுவிடப் பழக வேண்டும். இதற்குக் கடலும் வேண்டாம், குளமும் வேண்டாம். வீட்டில் ஓர் அகன்ற பேசினில் தண்ணீர் நிரப்பி, மாஸ்க் இல்லாமல், மூச்சுவிடும் குழாயான ஸ்நோர்க்கலை மட்டும் வாயில் வைத்து, முகத்தைத் தண்ணீருக்குள் வையுங்கள். முதல் நாள் ஐந்து மூச்சு போதும். அடுத்த நாள் ஒரு நிமிடம். ஐந்து நிமிடம் அமைதியாக இருக்க முடிகிற நாளில் பாதிப் பயம் போய்விட்டிருக்கும்.

அதன் பிறகு குளத்தில் ஆழம் குறைந்த பக்கத்தில் முழங்காலிட்டு, மாஸ்க்கில் கண்ணுக்குக் கீழ்வரை மட்டும் தண்ணீர் விடுங்கள். மாஸ்க்கின் மேல்விளிம்பை நெற்றியோடு விரல்களால் அழுத்தி, தலையைச் சற்றே மேலே உயர்த்தி, மூக்கால் மெதுவாகவும் நீளமாகவும் மூச்சை விடுங்கள். சட்டென்று ஊதினால் காற்று வீணாகும், தண்ணீர் அப்படியே இருக்கும். மூக்கால் விட வராதவர்களை 'ம்' என்று நீட்டி முனகச் சொல்வேன். அந்த ஒலியை எழுப்பும்போது காற்று தானாகவே மூக்குக்குப் போகிறது. ஒரே மூச்சில் முழுத் தண்ணீரும் வெளியேற வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. வாயில், சிலிண்டரிலிருந்து காற்று தரும் ரெகுலேட்டர் இருக்கிறது. ஒரு மூச்சு எடுத்து மறுபடியும் விடலாம், மூன்றாம் முறையும் விடலாம். இதை அந்தக் குளத்தில் உங்களுக்கு யாராவது சொன்னார்களா என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

---

கரையோரம்

இல்லை ஐயா. "ஊதுங்கள், வந்துவிடும்" என்று மட்டுமே சொன்னார்கள். ஒரு மூச்சுக்குள் முடிக்காவிட்டால் மூழ்கிவிடுவேன் என்றே நான் எண்ணியிருந்தேன். வாயில் காற்று வந்துகொண்டேதான் இருந்தது என்பது இப்போதுதான் உறைக்கிறது. பேசின் பயிற்சியை இன்றே தொடங்குகிறேன்.

---

செவிமடல் (மதுரை)

நான் காது மூக்கு தொண்டை மருத்துவர், டைவிங்கும் செய்கிறேன். இரண்டு செய்திகளைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

முதலாவது, சேரும்போது தரப்படும் மருத்துவப் படிவம். முதல் பக்கத்தில் பத்துக் கேள்விகள் இருக்கும்; ஆஸ்துமா, நுரையீரல் அறுவை, நெஞ்சுவலி, வலிப்பு, காது அறுவை போன்றவற்றைப் பற்றியவை. அவற்றுள் சிலவற்றுக்கு 'ஆம்' என்று எழுதினாலே மருத்துவரின் கையொப்பம் வேண்டும். வேறு சிலவற்றுக்கு இரண்டாம் பக்கத்தில் உள்ள துணைக்கேள்விகளைப் பொறுத்து வேண்டியிருக்கும். பணம் கட்டி, விடுப்பு எடுத்து, கடற்கரையில் வந்து நிற்கும்போது இந்தப் படிவத்தைப் பார்க்கிறவர்கள் எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று எழுதிவிடுகிறார்கள். இதனால் யாருக்கு என்ன லாபம்? படிவத்தை இரண்டு மாதங்களுக்கு முன்பே கேட்டு வாங்கி வீட்டில் உட்கார்ந்து நிரப்புங்கள். 'ஆம்' என்ற விடை உங்களைத் தகுதியற்றவராக்குவதில்லை. பெரும்பாலோர் பரிசோதனைக்குப் பின் அனுமதி பெறுகிறார்கள்.

இரண்டாவது, காது. மேற்பரப்பில் 1 பார் அழுத்தம் இருக்கிறது. 10 மீட்டரில் அது 2 பார் ஆகிவிடுகிறது. முதல் பத்து மீட்டருக்குள்ளேயே அழுத்தம் இரண்டு மடங்காவதால், நடுச்செவியிலுள்ள காற்று பாதியாகச் சுருங்கப் பார்க்கும். செவிப்பறை உள்நோக்கி இழுபடும். எனவே ஆழத்தில் கவனமாக இருந்தால் போதும் என்று நினைப்பது தவறு. கவனம் முதல் சில மீட்டர்களில்தான் அதிகம் வேண்டும். மூக்கை விரலால் மூடி மென்மையாக ஊதியோ, மூக்கை மூடியபடியே விழுங்கியோ, வலி வருவதற்கு முன்பே, ஒவ்வோர் அரை மீட்டருக்கும் ஒருமுறை சமன்செய்ய வேண்டும். வலித்த பிறகு பலமாக ஊதுவதுதான் நான் சிகிச்சை அறையில் காணும் காயங்களுக்குப் பொதுவான காரணம். சமனாகவில்லையென்றால் ஒரு மீட்டர் மேலே வந்து மறுபடி முயலுங்கள், அப்போதும் முடியாவிட்டால் அந்த டைவைக் கைவிடுங்கள். சளி பிடித்திருக்கும்போது மூக்கடைப்பு மருந்தைப் போட்டுக்கொண்டு இறங்க வேண்டாம்; அடியில் இருக்கும்போது மருந்தின் வேகம் குறைந்தால், மேலே வரும் வழியில் விரியும் காற்று வெளியேற இடமில்லாமல் அடைபடும்.

கண்ணாடி பற்றிக் கவலையே வேண்டாம். மைனஸ் 4-க்கு ஆயத்தமான பவர் லென்ஸ் பொருத்திய மாஸ்க்குகள் கிடைக்கின்றன.

---

முத்துநகர் (தூத்துக்குடி)

இந்த இழையை மூன்று முறை வாசித்துவிட்டேன். என் அப்பா சங்கு குளிக்கும் தொழிலில் முப்பது ஆண்டுகள் இருந்தவர். இளவயதில் மூச்சை அடக்கிக் குதித்தார்; பின்னாளில் படகில் உள்ள கம்ப்ரஸரிலிருந்து வரும் குழாயை வாயில் கவ்விக்கொண்டு மணிக்கணக்கில் அடியில் இருந்தார். மேலே வரும்போது இவ்வளவு வேகத்தில்தான் வர வேண்டும் என்று அவருக்கோ அவருடைய கூட்டாளிகளுக்கோ எவரும் சொன்னதில்லை. இப்போது தோள்பட்டையைத் தூக்க முடியாமல் அவதிப்படுகிறார். 'கடல் காற்று பிடித்துக்கொண்டது' என்றுதான் வீட்டில் சொல்வோம்.

முப்பதாயிரம் ரூபாய் கட்டி மூன்று நாளில் கற்பவர்களுக்குச் சொல்லித் தரப்படுகிற அந்த விதிகள் என்னென்ன? என் அப்பாவுக்குத் தெரியாமல் போனது என்ன என்பதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

---

கோணேசர்பூமி

தம்பி, உங்கள் கேள்விக்கு இந்த இழையில் இடம் உண்டு. பாடத்தின் நடுப்பகுதியே அதுதான்.

முதலாவது விதி, மூச்சை ஒருபோதும் அடக்கக் கூடாது. மூச்சை அடக்கிக் குதிக்கிறவர் மேற்பரப்பின் காற்றைத்தான் நெஞ்சில் கொண்டுபோகிறார். கீழே சுருங்கிய அது மேலே வரும்போது பழைய அளவுக்கு விரிகிறது, அவ்வளவுதான். சிலிண்டரிலோ குழாயிலோ மூச்செடுப்பவர் கதை வேறு. 10 மீட்டரில் அவர் நிரப்பிக்கொள்ளும் ஒரு நெஞ்சுக் காற்று, மேலே வந்தால் இரண்டு நெஞ்சுக் காற்றாகும். வாயை மூடிக்கொண்டு ஏறினால் நுரையீரல் கிழியும். உங்கள் தந்தையார் ஒரு பழக்கத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறியபோது, பழையதில் உயிர்காத்த வழக்கம் புதியதில் உயிருக்கு ஆபத்து என்பதை யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

இரண்டாவது, ஆழத்தில் மூச்செடுக்கும்போது காற்றிலுள்ள நைட்ரஜன் இரத்தத்திலும் திசுக்களிலும் கரைகிறது. எவ்வளவு ஆழமோ எவ்வளவு நேரமோ அவ்வளவு கரையும். விரைவாக மேலே வந்தால் அது குமிழிகளாகப் பிரிந்து மூட்டுகளில் வலியையும், மோசமான நேரத்தில் முதுகுத்தண்டில் பாதிப்பையும் உண்டாக்கும். அதனால்தான் நேர வரம்பு. 'பாடி' (PADI) என்ற டைவிங் பயிற்சி அமைப்பின் அட்டவணையில் முதல் டைவுக்கு 18 மீட்டரில் 56 நிமிடம், 12 மீட்டரில் 147 நிமிடம் என்று இருக்கிறது. இன்று கையில் கட்டும் டைவ் கம்ப்யூட்டர் இதை நொடிக்கு நொடி கணக்கிடுகிறது. ஏறும் வேகம் நிமிடத்துக்கு 18 மீட்டரைத் தாண்டக் கூடாது என்பது பழைய வரம்பு. நான் 9 மீட்டருக்கு மேல் போக விடுவதில்லை. கடைசியில் 5 மீட்டரில் மூன்று நிமிடம் நிற்பது வழக்கம்.

உங்கள் தந்தையாரின் தோள்வலிக்குக் காரணம் இதுதான் என்று இங்கிருந்து நான் சொல்லக் கூடாது. ஆழத்தில் வேலை செய்தவர்களுக்கு எலும்பின் முனைப்பகுதி இரத்த ஓட்டமின்றிச் சிதைவது அறியப்பட்ட ஒரு நோய். எலும்பு மருத்துவரிடம் காட்டும்போது, அவர் எத்தனை ஆண்டு, எவ்வளவு நேரம் குழாயில் இருந்தார் என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

---

செவிமடல்

தோளுக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கும்படி கேளுங்கள். தொடக்க நிலையில் சாதாரண எக்ஸ்ரேயில் அது தெரியாமல் போகலாம். நோயாளி கடலில் குளித்தவர் என்பதை மருத்துவர் கேட்க மறந்தாலும் நீங்கள் சொல்ல மறக்க வேண்டாம்.

---

நெய்தல்நிலம் (கோயம்புத்தூர்)

வில்லியனூர்வாசி அவர்கள் மூன்று நாள் போதும் என்று எழுதியிருப்பதோடு நான் உடன்படவில்லை. நாள் எண்ணிக்கையே தவறு என்று சொல்லவில்லை. ஆனால் மூன்று நாளில் ஒரு நாளைக் கடல் விழுங்கிவிட்டால் மீதி எங்கே போகிறது என்பதை என் அனுபவத்தில் கண்டவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

நான்கு ஆண்டுகளுக்கு முன், பெயர் சொல்ல விரும்பாத ஓரிடத்தில் நான் கற்றேன். ஆறு பேருக்கு ஒரு பயிற்சியாளர். விதிப்படி கடலில் எட்டுப் பேர்வரை இருக்கலாம், ஆகவே அதில் பிழையில்லை. இரண்டாம் நாள் கடல் கொந்தளித்ததால் படகு போகவில்லை. மூன்றாம் நாள் எல்லாருக்கும் மாலையில் பேருந்து, ரயில். ஆறு பேரும் அடியில் வரிசையாக முழங்காலிட்டிருக்க, ஒவ்வொருவராகச் செய்துகாட்டும் நேரம் போதவில்லை. மாஸ்க்கை முழுவதும் கழற்றி மீண்டும் அணிவதையும், ஓரிடத்தில் அசையாமல் மிதந்து நிற்பதையும் நான் செய்யவே இல்லை. ஆனால் என் தாளில் இரண்டுக்கும் குறியிட்டிருந்தது, நானும் கையொப்பமிட்டேன். அந்தக் கையொப்பம் என்னுடையது, அதன் பொறுப்பும் என்னுடையது.

அடுத்த பருவத்தில் கர்நாடகத்தின் முருடேஸ்வரிலிருந்து நேத்ராணித் தீவுக்குச் சென்றேன். அமிழ்வதற்காக உடலில் கட்டும் ஈய எடை எவ்வளவு வேண்டும் என்று கேட்டார்கள். வகுப்பில் கட்டியதையே சொன்னேன். நிறைந்த சிலிண்டரோடு இறங்கும்போது சரியாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு டைவில் சுமார் இரண்டு கிலோ எடையுள்ள காற்றை நாம் சுவாசித்து வெளியே விட்டுவிடுகிறோம், அலுமினியச் சிலிண்டர் கடைசியில் மேலே தூக்கத் தொடங்கும் என்பதை நான் அறிந்திருக்கவில்லை. 5 மீட்டரில் நிற்க வேண்டிய இடத்தில் நிற்க முடியாமல், கால்களை உதைத்தும் பயனின்றி, நேராக மேற்பரப்புக்கு வந்துவிட்டேன். இருபதடித் தொலைவில் ஒரு படகு ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்று மாலை முழுவதும் என் கை நடுங்கியது.

எடைச் சோதனை என்பது இரண்டு நிமிட வேலை: மிதப்புச் சட்டையில் காற்றில்லாமல், இயல்பான ஒரு மூச்சை நிறுத்திக்கொண்டு நிமிர்ந்து மிதந்தால் தண்ணீர் கண்மட்டத்தில் நிற்க வேண்டும், மூச்சை விட்டால் மெல்ல அமிழ வேண்டும், சிலிண்டர் நிறைந்திருந்தால் அதன் காற்றுக்கு ஈடாகக் கூடுதல் எடை சேர்க்க வேண்டும். இந்த இரண்டு நிமிடம்தான் எனக்குக் கிடைக்கவில்லை.

---

வில்லியனூர்வாசி

நெய்தல்நிலம், உங்கள் பதிவை மறுக்க என்னிடம் ஒன்றுமில்லை. எங்கள் மூன்று நாளும் கடல் அமைதியாக இருந்தது, நால்வரும் நன்றாக நீந்துபவர்கள். அந்த நல்வாய்ப்பைப் பொது விதியாக எழுதியது என் பிழை.

கரையோரம், பணம் கட்டும் முன் பயிற்சியாளரிடமே பேசுங்கள், முகப்பில் இருப்பவரிடம் அல்ல. அவருடைய உறுப்பினர் எண்ணைக் கேட்டு, அமைப்பின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். ஒரு திறன் எனக்கு வரவில்லையென்றால் கூடுதல் நாள் உண்டா, அதற்குக் கட்டணம் எவ்வளவு என்று நேராகக் கேளுங்கள். நான்கு கடல் டைவுகளையும் ஒரே நாளில் முடித்துத் தருவதாகச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். பயிற்சி டைவுகள் ஒரு நாளுக்கு மூன்றுக்கு மேல் கூடாது என்பது 'பாடி'யின் விதி.

---

கரையோரம்

நெய்தல்நிலம் அவர்களே, அந்தக் கையொப்பத்தைப் பற்றி எழுதியதற்கு நன்றி. பேசினில் இப்போது நான்கு நிமிடம் இருக்க முடிகிறது. இன்னும் மூன்று ஐயங்கள். குளப் பயிற்சியைச் சென்னையிலேயே நிதானமாக முடித்துவிட்டுக் கடல் பகுதியை மட்டும் ஹேவ்லாக்கில் செய்ய வழி உண்டா? 'பாடி', எஸ்.எஸ்.ஐ. என்ற இரண்டு பயிற்சி அமைப்புகளில் எது மேல்? கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் எவ்வளவு இடைவெளி வேண்டும்?

---

நெய்தல்நிலம்

முதல் கேள்விக்கு ஆம். பாடமும், குளத்தில் செய்ய வேண்டிய ஐந்து பகுதிகளும் ஓரிடத்தில் முடிந்ததும் அந்தப் பயிற்சியாளர் பரிந்துரைத் தாள் தருவார். அதைக் கொண்டு 12 மாதங்களுக்குள் வேறோர் இடத்தில் நான்கு கடல் டைவுகளை முடிக்கலாம். உங்களைப் போன்ற ஒருவருக்கு இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை. மாஸ்க் பயிற்சிக்கு ஆறு வாரம் வேண்டுமென்றாலும் எடுத்துக்கொள்ளலாம், திரும்பும் பயணச்சீட்டு ஒன்றும் உங்களை விரட்டாது.

அமைப்பைப் பற்றி நீண்ட சண்டைகள் நடக்கும். எனக்கு அதில் ஆர்வமில்லை. 1966-இல் தொடங்கிய 'பாடி', 1970-இல் தொடங்கிய எஸ்.எஸ்.ஐ. இரண்டின் முதல்நிலைச் சான்றிதழும் ஐ.எஸ்.ஓ. 24801-2 என்ற ஒரே தரத்துக்கு உட்பட்டவை; ஒன்றை வைத்திருப்பவரை மற்றதன் மையங்களும் ஏற்கும். நல்ல பயிற்சியாளர் எந்த அமைப்பில் இருக்கிறாரோ அதைத் தேர்ந்தெடுங்கள்.

விமானத்துக்கு: ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல நாள் பல டைவ் என்றால் 18 மணி நேரம். ஹேவ்லாக்கிலிருந்து கப்பலில் போர்ட் பிளேர் வந்து ஓரிரவு தங்கிவிட்டு மறுநாள் புறப்பட்டால் 24 மணி நேரமாகிவிடும்; அதையே செய்யுங்கள்.

---

கரையோரம்

ஐந்து மாதங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். இழையைத் தேடி வருபவர்களுக்கு முடிவு தெரிய வேண்டும் அல்லவா.

சென்னைக் குளத்தில் மூன்று வார இறுதிகளில் முடிப்பதாக இருந்தது ஐந்து வார இறுதிகள் ஆயிற்று. மாஸ்க்கில் பாதித் தண்ணீர் முதல் நாளே வந்தது. முழுத் தண்ணீருக்கு இரண்டு வாரம். கழற்றி அணிவதற்கு மேலும் இரண்டு வாரம். அதில் ஒரு நாள் மறுபடியும் எழுந்து நின்றேன், அழுதேன். பயிற்சியாளர் அம்மா எதுவும் பேசாமல், தாமும் மாஸ்க்கைக் கழற்றிவிட்டு என் எதிரே அடியில் உட்கார்ந்து மூச்சுவிட்டுக்கொண்டிருந்தார். தெளிவில்லாத அந்த உருவத்திலிருந்து குமிழிகள் ஒரே சீராக மேலே போவதைப் பார்த்துக்கொண்டே நானும் கழற்றினேன். எழுத்துத் தேர்வில் தேர்ச்சிக்கு 75 விழுக்காடு வேண்டும், 92 வந்தது.

மார்ச் முதல் வாரத்தில் ஹேவ்லாக். இரண்டு நாளில் நான்கு டைவ், ஒரு நாள் உபரி. முதல் இரண்டும் 12 மீட்டருக்குள். கரையிலிருந்து நடந்தே இறங்கும் இடம் என்பதால் படகின் ஆட்டம் இல்லை. காதை ஒவ்வோர் அரை மீட்டருக்கும் சமன்செய்துகொண்டு, மற்ற மூவரும் அடியில் காத்திருக்க, நான் மட்டும் நான்கு நிமிடம் எடுத்துக்கொண்டு இறங்கினேன்; எவரும் அவசரப்படுத்தவில்லை. எடைச் சோதனையை நானே கேட்டுச் செய்துகொண்டேன். இரண்டு கிலோ குறைந்தது, ஒரு கிலோ கூடிற்று, பிறகு சரியாயிற்று.

நான்காம் டைவில் 16 மீட்டரில் மாஸ்க்கைக் கழற்ற வேண்டியிருந்தது. உப்பு நீர் கண்ணில் எரிந்தது. வாயால் மூன்று மூச்சு விட்டேன், அணிந்தேன், 'ம்' என்று முனகினேன். இரண்டாம் முனகலில் தண்ணீர் போயிற்று. அதன் பிறகு மீதமிருந்த காற்றில், சென்ற ஆண்டு நிற்க முடியாமல் போன அதே வகைத் திட்டு ஒன்றின் முன்னால், தரையைத் தொடாமல், எவரும் பிடிக்காமல், ஆறு நிமிடம் நின்றேன். ஒரு கடல்சாமந்தியின் கைகளுக்குள் கோமாளி மீன் ஒன்று போவதும் வருவதுமாக இருந்தது. அழுத்தமானி 70 பார் காட்டியதும் துணைக்குக் கட்டைவிரலை உயர்த்தினேன். அந்தக் குறிக்கு 'நன்று' என்று பொருளில்லை, 'மேலே போவோம்' என்று பொருள் என்பதையும் சேர்த்து எழுதிவிடுகிறேன். முதல் நாள் குளத்தில் நான் மாற்றிக் காட்டி எல்லாரையும் மேலே ஏற்றிவிட்டேன்.

---

கோணேசர்பூமி

மிக்க மகிழ்ச்சி சகோதரி. ஆறு மாதத்துக்குள் ஒரு தடவையாவது மறுபடி இறங்குங்கள். அட்டைக்குக் காலாவதி இல்லை, கை மறந்துவிடும். மே முதல் செப்டம்பர் வரை எங்கள் பக்கத்துக் கடல் அமைதியாக இருக்கும். புறாத்தீவைச் சுற்றியுள்ள திட்டுகள் ஆழமற்றவை, புதியவர்களுக்கு ஏற்றவை.

---

முத்துநகர்

அப்பாவுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தோம். தோளெலும்பின் முனையில் பாதிப்பு இருப்பதாகச் சொல்லி, சிகிச்சை தொடங்கியிருக்கிறார்கள். குழாயில் இருந்த காலத்தை மருத்துவர் நெடுநேரம் விசாரித்து எழுதிக்கொண்டார்.

நானும் கற்றுக்கொள்ள முடிவு செய்திருக்கிறேன். அப்பாவின் கூட்டாளிகளின் பிள்ளைகள் நான்கு பேர் இன்னும் குழாயைக் கவ்விக்கொண்டு இறங்குகிறார்கள். ஏறும் வேகத்தையும் நேரத்தையும் அவர்கள் மொழியில் அவர்களுக்குச் சொல்ல, முதலில் எனக்குச் சரியாகத் தெரிய வேண்டும். படிவத்தை நிரப்ப உட்கார்ந்தேன். பன்னிரண்டு வயதில் இடது காதில் அறுவை செய்து செவிப்பறையை ஒட்டியிருக்கிறார்கள். இருபது ஆண்டாக ஒரு தொந்தரவும் இல்லை. 'இல்லை' என்றே எழுதிவிடலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள்.

---

செவிமடல்

'ஆம்' என்று எழுதுங்கள். ஒட்டிய செவிப்பறை உறுதியாக ஆறியிருக்கிறதா, மூக்கை மூடி ஊதும்போது அது சீராக அசைகிறதா என்பதை நுண்ணோக்கியிலும் டிம்பனோமெட்ரி சோதனையிலும் அரை மணி நேரத்தில் பார்த்துவிடலாம். தூத்துக்குடியிலேயே காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒருவரிடம் படிவத்தின் மூன்றாம் பக்கத்தையும் எடுத்துச் செல்லுங்கள். மருத்துவர் கையொப்பமிட வேண்டிய பக்கம் அது. பழைய அறுவைக் குறிப்பு வீட்டில் இருந்தால் அதுவும் வேண்டும். முடிவு வந்ததும் இங்கே எழுதுங்கள்.

---

முத்துநகர்

குறிப்பு அம்மாவின் இரும்புப் பெட்டியில் இருந்தது. வியாழக்கிழமை மாலை நேரம் கொடுத்திருக்கிறார்கள்.